பதினோராம் பொருத்தம்

என் மேசைமேல் ஒரு போல்ட் படுத்துக்கிடக்கிறது. கட்டைவிரல் நீளம், கட்டைவிரலைவிடக் கொஞ்சம் ஒல்லி. அதன் கழுத்தில் ஒரு வாஷர். அந்த வாஷர் அந்த போல்ட்டுக்கு உரியதல்ல, ஓட்டை பெரிது. கீழே தெருவில் தண்ணீர் லாரி போகும்போதெல்லாம் மேசை அதிரும், வாஷர் கிணுகிணுக்கும். பெங்களூரில் கோடை பிறந்துவிட்டதை எனக்கு முதலில் சொல்வது அதுதான். வீட்டுக்கு வந்த நண்பர் ஒருவர், கொஞ்சம் கைவேலை தெரிந்தவர், அதை எடுத்துச் சுழற்றிப் பார்த்துவிட்டு, "என்ன சார், இதுக்குச் சரியான வாஷர் ஒண்ணு வாங்கித் தரவா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். சரியான வாஷர் போட்டால் அது வெறும் போல்ட். தப்பான வாஷரோடு கிடப்பதால்தான் அது என் மாமனார்.

மாமனார் பொம்மசந்திராவில் ஒரு பம்ப் தொழிற்சாலையில் தர ஆய்வாளராக இருந்தவர். அதாவது, பிறர் செய்ததைப் பார்த்து, கூடாது என்று சொல்வதற்காகச் சம்பளம் வாங்கியவர். அங்கே அவருக்கு 'ரிஜெக்ட் சார்' என்று பெயர். அவர் நடந்து வந்தால், "ரிஜெக்ட் சார் பந்த்ரு" என்று கன்னடத்தில் ஒரு குரல் முன்னால் ஓடுமாம். அதைப் பெருமையாக அவரே சொல்வார். 'கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க' என்பது இந்த ஊரின் பொது மதம். பஸ்ஸில், வாடகை வீட்டில், கல்யாணப் பந்தியில், சுடுகாட்டு வரிசையில்கூட அதைச் சொல்லித்தான் இங்கே உயிர் வாழ்கிறோம். அந்த மதத்தில் சேராத ஒரே நாத்திகர் என் மாமனார்.

ஓய்வு பெற்ற பின்பு ஆய்வு செய்யத் தொழிற்சாலை இல்லை. மல்லேஸ்வரத்தில் வீடு இருந்தது. வீட்டில் மாமியார் இருந்தார். சாம்பாரை ஒரு கரண்டி ருசித்துவிட்டுத் தட்டைத் தள்ளி வைத்து, "ரீவொர்க்" என்பார். அந்த அம்மாள் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போவார். சமையலறையில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். ஒரு நாள் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. சிறிது நேரம் ஜன்னல் வழியே பக்கத்து வீட்டு முருங்கையைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, அதே சாம்பாரை அதே தட்டில் கொண்டுவந்து வைத்தார். "இப்போ சரி" என்று சாப்பிட்டார் மாமனார். எங்கள் குடும்பத்தில் என்னைவிடப் பெரிய நகைச்சுவையாளர் ஒருவர் இருந்தார் என்பதை அன்றுதான் அறிந்தேன்.

அந்த அம்மாளின் அஞ்சறைப் பெட்டியைத்தான் அவர் வாஷர்களுக்கு எடுத்துக்கொண்டார். கடுகு இருந்த கிண்ணத்தில் சின்ன வாஷர்கள், சீரகத்தில் அதற்கடுத்த அளவு, மிளகில், வெந்தயத்தில் என்று ஏறிக்கொண்டே போகும். கடுகும் சீரகமும் ஊறுகாய் பாட்டில்களுக்குக் குடிபெயர்ந்தன. வாஷர் என்ன செய்கிறது என்று எனக்கு விளக்கியவரும் அவர்தான், நான் கேட்கவில்லை. போல்ட்டும் நட்டும் ஒன்றையொன்று இறுக்கிக்கொள்ளும்போது நடுவில் உட்கார்ந்து அந்த அழுத்தத்தை வாங்கிப் பரப்புமாம். ஓட்டை சிறிதாக இருந்தால் ஏறவே ஏறாது. பெரிதாக இருந்தால் ஒரு பக்கமாக நகர்ந்துகொள்ளும். எவ்வளவு முறுக்கினாலும் கொஞ்ச நாளில் ஆட்டம் காணும். "ஏறாததுகூடப் பரவாயில்ல மாப்ள, அது மொகத்துக்கு நேரா சொல்லிடுது. லூசுதான் ஆபத்து. ஏறிட்டு, எனக்கென்னன்னு உக்காந்திருக்கும்" என்பார். சொல்லிவிட்டு என்னைப் பார்ப்பார்.

அந்தப் பார்வைக்குக் காரணம் உண்டு. நான் பெண் பார்க்கப் போன நாளில் நடந்தது அது. ஜோலார்பேட்டையிலிருந்து அம்மாவும் தாய்மாமனும் ரயிலேறி வந்திருந்தார்கள். கேசரி வந்தது, பஜ்ஜி வந்தது, பெண் வந்து போனாள், பிறகு அஞ்சறைப் பெட்டி வந்தது. தாம்பூலம் என்று நினைத்துக் கையை நீட்டினேன். திறந்தால் உள்ளே இரும்பு.

"தம்பிக்கு ஆபீஸ்ல என்ன வேலை?"

"இன்சூரன்ஸ். க்ளெய்ம் செக்‌ஷன் சார்."

"ஓ, உடைஞ்சதுக்கு அப்புறம் வர்ற ஆளா. நான் உடையறதுக்கு முன்னாடி பாக்கற ஆளு." ஒரு போல்ட்டை என் உள்ளங்கையில் வைத்தார். "ஜாதகத்துல பத்துப் பொருத்தம் இருக்குன்னு ஜோசியர் சொல்லிட்டார். இது பதினொண்ணாவது. இந்த போல்ட்டுக்கு ஒரு வாஷர் எடுங்க, பாக்கலாம்."

அதுவரை என் வாழ்க்கையில் நான் திருகிய ஒரே பொருள் பேனா மூடி. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா, "பளபளன்னு இருக்கறத எடுடா" என்று காதில் ஓதினாள். பளபளவென்று இருந்தது போல்ட்டின் நுனியில் முட்டி நின்றுவிட்டது. சபை பார்த்துக்கொண்டிருந்தது. அடுத்த கிண்ணத்தில் எடுத்தது வழுக்கிக்கொண்டு போய் அடியில் உட்கார்ந்தது. ஏறிவிட்டதே என்ற பூரிப்பில் நீட்டினேன். மாமனார் வாங்கி, ஒரு விரலால் தட்டினார். கிணிங் என்று சுற்றியது.

"லூசு" என்றார்.

அம்மா எழுந்துவிட்டாள். "பொண்ணு குடுக்கறதும் குடுக்காததும் உங்க இஷ்டம். எம் புள்ளைய லூசுன்னு சொல்றதுக்கு நீங்க யாரு?"

"வாஷரைச் சொன்னேம்மா" என்றார் மாமனார். பிறகு என்னை மேலும் கீழும் பார்த்து, ஏதோ கணக்குப் போட்டு முடித்தவர்போல, "பரவாயில்லை. பாஸ்" என்றார். அந்த நொடியில் தாய்மாமன் எடுத்த படம்தான் எங்கள் கல்யாண ஆல்பத்தின் முதல் பக்கம். ஓட்டப்பந்தயத்தில் கடைசியாக வந்தும் பென்சில் டப்பா பரிசு வாங்கிய பையனைப்போல் அதில் சிரித்துக்கொண்டிருக்கிறேன். பல வருஷம் அந்தத் தேர்வை ஒரு சாதனையாகவே நண்பர்களிடம் சொல்லித் திரிந்தேன். பெண்ணை ஜெயிக்க வில்லை ஒடித்தவர்கள் உண்டு, மாட்டை அடக்கியவர்கள் உண்டு. வாஷர் போட்டவன் நான் ஒருவன்தான்.

என் மனைவிக்கு ஒரு தங்கை. ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்த்தாள். அந்தக் கட்டடத்தின் லிஃப்ட் ஒரு நாள் இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றுவிட, உள்ளே தனியாக மாட்டிக்கொண்டாள். பழுது பார்க்க வந்த எஞ்சினியர் வெளியிலிருந்து வேலை செய்தபடியே, அவள் பயப்படாமலிருக்கப் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்திருக்கிறார். கதவு திறக்கும்முன்பே தீர்மானம் செய்துவிட்டதாக அவள் பிற்பாடு அக்காவிடம் சொன்னாள். முகத்தைப் பார்த்தபோது சுமாராக இருந்ததாம். ஆனால் அதற்குள் குரலுக்கு வாக்குக் கொடுத்தாகிவிட்டது. காக்ஸ் டவுன்காரர். தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பம். தேவாலயப் பாடகர் குழுவில் கட்டைக் குரலில் பாடுகிறவர்.

வீட்டில் சூறாவளியை எதிர்பார்த்தோம். மாமனார் தென்றலாக இருந்தார். "நான் ஜாதி மதமெல்லாம் பாக்கறவன் இல்ல. பொருத்தம் பாக்கறவன். வரச் சொல்லு" என்றார். மைத்துனி அன்று இரவு சாப்பிட்ட அளவை அதற்கு முன்போ பின்போ நான் கண்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து நேராக வந்தார் லிஃப்ட் எஞ்சினியர். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, கையில் ஒரு பிளம் கேக். மாமியார் சிரித்த முகமாகக் காப்பி கொடுத்தார். பிறகு அஞ்சறைப் பெட்டி வந்தது. நான் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டேன். பழைய மாணவன் தேர்வு மண்டபத்தின் வாசலில் நிற்பதுபோன்ற இன்பம் அது. என்னாலேயே முடிந்திருக்கிறது, இவர் தொழில்காரர்.

"நீங்க லிஃப்ட் ஃபீல்டு. இது உங்களுக்குத் தண்ணி பட்ட பாடு" என்று மாமனார் அதே போல்ட்டைக் கொடுத்தார்.

எஞ்சினியர் ஒரு வாஷரை எடுத்தார், முட்டியது. அடுத்த அளவை எடுத்தார், ஆடியது. போல்ட்டை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். பெட்டியை ஒரு நோட்டம் விட்டார். பிறகு, விடுகதைக்கு விடை கண்டுபிடித்தவரின் மலர்ச்சியோடு சிரித்தார். "அங்கிள், ஏமாத்தறீங்க! இது பழைய இன்ச் போல்ட்டு. பாக்ஸ்ல இருக்கறது பூரா எம்.எம். வாஷர். பத்து ஏறாது, பன்னெண்டு ஆடும். இதுல எதுவுமே பொருந்தாது." சமையலறை நிலைப்படியில் நின்ற மைத்துனி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். ஜெயித்துவிட்டான் என்ற சிரிப்பு.

மாமனார் கைதட்டினார். உண்மையாகவே தட்டினார். "கரெக்ட்! நூத்துக்கு நூறு. இத்தன வருஷத்துல நீங்க ஒருத்தர்தான் சரியாச் சொன்னீங்க." கேக்கை அவரே வெட்டி, முதல் துண்டை அதைக் கொண்டுவந்தவரிடமே நீட்டினார். "சாப்பிடுங்க தம்பி. போல்ட்டும் நல்ல சாமான்தான். வாஷரும் நல்ல சாமான்தான். ஒண்ணையும் கொற சொல்ல முடியாது. ஆனா வேற வேற ஸ்டாண்டர்டு. எதுவும் பொருந்தாது. நான் சொல்லல. நீங்களே சொல்லிட்டீங்க."

எஞ்சினியருக்குப் புரியச் சிறிது நேரம் பிடித்தது. கேக் துண்டு கையிலேயே இருந்தது. "வாஷரைக் கொஞ்சம் ட்ரில் பண்ணிப் பெருசாக்கினா பொருந்தும் அங்கிள்" என்றார், குரலை இறக்கி.

"பண்ணலாமே. போல்ட்டை ட்ரில் பண்ண முடியாது, வாஷரைத்தான் பண்ணணும். அதுல வாஷர் யாரு தம்பி? எம் பொண்ணா?"

எஞ்சினியர் போல்ட்டைத் தட்டோரமாக வைத்தார். எனக்கோ வேறொரு கணக்கு மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. பெட்டியில் எதுவுமே பொருந்தாது என்றால், அன்று நான் எடுத்தது? வாயை அடக்க முடியாமல் கேட்டுவிட்டேன். "மாமா, அன்னிக்கு எனக்குக் குடுத்ததும் இதே போல்ட்டுதானே? நான் பாஸாச்சே?"

"நீங்க லூசு மாப்ள" என்றார் மாமனார், மிகவும் அன்பாக. "லூசு எந்த போல்ட்டுலயும் ஏறும். கிணுகிணுன்னு சத்தம் போட்டுக்கிட்டு ஒரு ஓரமாக் கெடக்கும். நம்ம வீட்டுக்கு அது போதும்." என் பக்கம் ஒரு துண்டு கேக்கைத் தள்ளினார். அறையில் சிரித்தவர் அவர் ஒருவர்தான். என் மனைவி என்னைப் பார்க்காமல் கூரையைப் பார்த்ததை நான் கவனித்தேன். அவள் எவ்வளவு நாளாக இதை அறிந்திருந்தாள் என்று இன்றுவரை கேட்டதில்லை. எல்லாக் கேள்வியையும் கேட்டுக்கொண்டு ஒரு மனிதன் கல்யாண வாழ்க்கை நடத்த முடியாது.

எஞ்சினியர் கேக் துண்டைத் தட்டில் வைத்துவிட்டு எழுந்து, கைகூப்பி, போனார். மைத்துனி அழவில்லை. வந்து தட்டுகளை எடுத்தாள், தம்ளர்களை எடுத்தாள், உள்ளே போனாள். அன்றோடு அந்த போல்ட் காணாமல் போனது. மாமனார் கட்டிலுக்கு அடியிலெல்லாம் தேடினார். பாத்திரம் துலக்க வந்த அம்மாளின் முந்தானையை உதறிக் காட்டச் சொன்னார். அந்த அம்மாள் உதறிக் காட்டிவிட்டு, "உன் இரும்ப நீயே தின்னு சாமி" என்று சொல்லி மறுநாளிலிருந்து வரவில்லை. அந்தப் பாத்திரங்களும் மாமியார் கைக்கே வந்தன.

வீட்டைவிட்டு வா, பதிவுத் திருமணம் செய்துகொள்ளலாம் என்று எஞ்சினியர் கூப்பிட்டிருக்கிறார். மைத்துனியும் போகத்தான் இருந்தாள். அந்தச் சமயத்தில்தான் மாமியாருக்குச் சிறுநீரகம் கெட்டது. வாரத்துக்கு இருமுறை ரத்தச் சுத்திகரிப்புக்கு அழைத்துப் போக வேண்டும். மாமனாருக்கு மருத்துவமனை நாற்றம் ஆகாது. அவள் கொஞ்சம் பொறுக்கச் சொன்னாள். எஞ்சினியர் பொறுத்தார். மாமியாரும் பொறுத்துக்கொண்டேதான் இருந்தார், எதிர்பார்த்ததைவிட அதிக காலம். கடைசியில் காக்ஸ் டவுனில் கல்யாணம் நடந்தது, மணப்பெண் வேறு. மைத்துனி பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போய் கேக் சாப்பிட்டுவிட்டு வந்தாள். மாமியார் அதற்குப் பிறகுதான் இறந்தார். அமரர் ஊர்தியில் ஏற்றியபோது மாமனார் குனிந்து ஸ்ட்ரெச்சரின் காலைப் பார்த்தார். "வாஷர் இல்லாமயே முடுக்கி வச்சிருக்கான்" என்றார். அன்று முழுவதும் அவர் பேசியது அந்த ஒரு வாக்கியம்தான். அது துக்கமா, ஆய்வறிக்கையா என்று எங்களுக்குள் விவாதித்திருக்கிறோம். நான் துக்கம் என்ற கட்சி. என் மனைவி எதிர்க்கட்சி.

மைத்துனி அப்பாவோடு அந்த வீட்டிலேயே இருந்தாள். இப்போதாவது தனியாக வந்துவிடேன், எங்களோடு இரேன் என்று அக்கா கூப்பிட்டபோது, "எதுக்கு? தினமும் காலைல அவர் கண்ணைத் தெறந்தா நான் எதிர்ல நிக்கணும்" என்றாள். நின்றாள். காப்பி கொடுத்தாள். சாம்பாரை 'ரீவொர்க்' என்று தள்ளினால் எடுத்துக்கொண்டு போய்க் கொட்டிவிட்டு, வெறும் தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிடுவாள். பசி வந்தபோது அவர் அந்தச் சொல்லை மறந்தார்.

போன வருஷம் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை பாதிதான் திரும்பியது, பேச்சு குழறியது, கண்ணிலும் பழைய கூர்மை இல்லை. மல்லேஸ்வரத்திலேயே ஒரு கடையில் கழிப்பறை வசதியோடு கூடிய நாற்காலி ஒன்று வாங்கினார்கள். அதன் ஒரு கால் ஆடியது. உட்காரும்போதெல்லாம் கீழே விழுந்துவிடுவோமோ என்று அவர் நடுங்குவார். தொழிற்சாலை முழுவதையும் நடுங்க வைத்தவர், ஒரு நாற்காலிக் காலுக்கு நடுங்கினார்.

நானும் மனைவியும் ஒரு ஞாயிறு மதியம் போயிருந்தோம். மைத்துனி அஞ்சறைப் பெட்டியைக் கொண்டுவந்து அவர் மடிமேல் பலகை போட்டு வைத்தாள். பிறகு கைப்பையிலிருந்து ஒரு போல்ட்டை எடுத்து வைத்தாள். எனக்கு அது எந்த போல்ட் என்று பார்த்ததும் தெரிந்தது, மனைவிக்கும் தெரிந்தது. அவருக்குத் தெரியவில்லை.

"நாற்காலிக்கு ஒரு வாஷர் வேணும்பா. நீங்கதானே பாப்பீங்க. எடுங்க" என்றாள்.

அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம். வேலைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள் அல்லவா? இடது கையால் கிண்ணங்களைத் துழாவினார். வாஷர்கள் விரல்களிலிருந்து நழுவித் தரையில் உருண்டன. அவள் ஒவ்வொன்றாகப் பொறுக்கித் திரும்ப அதே கிண்ணத்தில் போட்டாள், பொறுமையாக. ஒன்று முட்டியது. அதையே மறுபடி எடுத்தார், மறுபடி முட்டியது. வெளியில் வெயில் இறங்கும்வரை இது நடந்தது. "போதும்டி, விடு" என்றாள் என் மனைவி. மைத்துனி காதில் வாங்கவில்லை. நான் வாய் திறக்கவில்லை. லூசு என்று சான்றிதழ் பெற்றவனுக்கு ஒரு வசதி உண்டு. அவன் பேச்சை யாரும் எதிர்பார்ப்பதில்லை. நாற்காலியை அவள் காலையிலேயே கடைக்காரரை வரவழைத்துச் சரிசெய்துவிட்டாள் என்பது பிறகு எழுந்து அதை ஆட்டிப் பார்த்தபோதுதான் எனக்குத் தெரிந்தது.

கடைசியில் ஒன்று ஏறியது. வழுக்கிக்கொண்டு போய் அடியில் உட்கார்ந்தது. அவர் மூச்சு வாங்க அதை மகளிடம் நீட்டினார். "இது... சரியாம்மா?"

அவள் வாங்கினாள். ஒரு விரலால் தட்டினாள். கிணிங் என்று சுற்றியது. அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"பரவாயில்லை. பாஸ்" என்றாள்.

மாமனார் சிரித்தார். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தாலும் முகம் நிறையச் சிரித்தார். இந்தச் சிரிப்பை எங்கோ பார்த்திருக்கிறோமே என்று யோசித்தேன். வீட்டுக்குப் போய் ஆல்பத்தின் முதல் பக்கத்தைத் திறந்து பார்க்கவேண்டிய அவசியம் எனக்கு இருக்கவில்லை.

அதற்குப் பிறகு அவர் அதிக நாள் இருக்கவில்லை. காரியம் முடிந்த அன்று, நாங்கள் கிளம்பும் நேரத்தில், மைத்துனி என்னை நிற்கச் சொன்னாள். அவள் வீட்டுச் சாவிக் கொத்தில் எப்போதும் ஒரு சின்ன இரும்பு வளையம் தொங்கும். அலங்காரம் என்றே நினைத்திருந்தேன். அதைக் கழற்றினாள். கைப்பையிலிருந்து போல்ட்டை எடுத்து அதில் அந்த வளையத்தை விட்டாள். முட்டவில்லை, ஆடவில்லை; போய் உட்கார்ந்தது. தட்டிக் காட்டினாள். சத்தமே இல்லை.

"எங்க கெடச்சது?" என்று கேட்டேன்.

"அன்னிக்குக் கேக்கை வச்சுட்டு அவர் எழுந்து போனாரே, அதுக்கு மறுநாளே வாங்கிட்டேன் அத்தான். தெருமுனைக் கடைல. இந்த போல்ட்டுக்கு ஒரு வாஷர்னு கேட்டேன், எடுத்துக் குடுத்தான். எந்த ஸ்டாண்டர்டுன்னுகூடக் கேக்கல."

அந்த வாஷரை உருவி மறுபடி சாவிக் கொத்தில் மாட்டிக்கொண்டாள். அஞ்சறைப் பெட்டியைத் திறந்து, சீரகம் இருந்த கிண்ணமா மிளகா, எதுவோ ஒன்றிலிருந்து அந்தப் பெரிய ஓட்டை வாஷரை எடுத்து போல்ட்டில் போட்டு என் கையில் வைத்தாள். "இது உங்க செட்டு. உங்களுதும் அப்பாவோடதும்" என்றாள்.

கீழே தண்ணீர் லாரி திரும்புகிறது. மேசை அதிர்கிறது. போல்ட் அசையவில்லை, சத்தம் போடுவது வாஷர்தான்.